அந்தச் சூடெல்லாம் எங்கடே போகுது?

மே மாதம் டெல்லிக்கு யாராவது வருவார்களா? ஊரில் எல்லோரும் அப்பாவிடம் இதைத்தான் கேட்டார்களாம். வேறு வழியில்லை. மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனது. இங்கே ஒரு நுரையீரல் டாக்டரிடம் சொல்லிவைத்து, கிடைத்த தேதியில் அழைத்து வந்துவிட்டேன். வந்து இறங்கிய அன்று வெயில் 44 டிகிரி. "இது என்னடே, அடுப்பு வாசல்ல நிக்க மாதிரில்லா இருக்கு" என்றார். அவர் சொன்னால் அது உவமை இல்லை. நீராவி என்ஜினில் ஃபயர்மேனாக ஆரம்பித்தவர். அடுப்பு வாசலில் பல வருஷம் நின்றவர்.

நாங்கள் இருப்பது வடக்கு டெல்லி. ஆஸ்பத்திரி தெற்கு டெல்லி. ஆட்டோவில் போனால் ஒன்றரை மணி நேரம், புகை, வெயில், ஹாரன். மெட்ரோவில் முக்கால் மணி நேரம், ஏசி, உட்கார முதியோர் இருக்கை. யோசிக்கவே வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன்.

"மெட்ரோல போயிரலாம்பா."

"மேல போற வண்டியா, கீழ போற வண்டியா?"

"நம்ம லைன் பூராவும் கீழதான்."

"அப்ப நான் வரல. குகைக்குள்ள நான் வரமாட்டேன்."

என் மனைவி சொல்லிப் பார்த்தாள். "மாமா, உள்ளே ஜில்லுனு இருக்கும். நானே வெயிலுக்குப் பயந்து அதுலதான் போறேன்." பேத்தி கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ம்ஹூம். அப்பா சாதாரணமாக எதற்கும் அடம்பிடிக்கிற ஆளில்லை. முதல் நாள் ஆட்டோவில்தான் போனோம். திரும்பி வரும்போது வழியெல்லாம் இருமல். அன்று இரவு இன்ஹேலரை மூன்று தடவை எடுத்தார்.

எனக்கு இதில் ஒரு தனி வருத்தம் உண்டு. சுரங்க ரயில் நிலையங்களுக்குக் காற்றோட்டச் சாதனங்கள் செய்வதுதான் என் பிழைப்பு. பெரிய ஃபேன்கள், டேம்பர்கள், டக்ட்டுகள். பதினைந்து வருஷத்துக்கு மேல் இதே வேலை. "ஏசி கம்பெனில இருக்கான்" என்றுதான் அப்பா ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தியதில்லை. அவர் என்ஜினில் என்ன பட்டார் என்று நானும் உட்கார்ந்து கேட்டதில்லை. அடுத்த செக்கப்புக்கு நாலு நாள் இருந்தது. அதற்குள் ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் சொன்னது.

எழுபதுகளில் அவர் ஓடியது ஒரு மலைப்பாதை. மீட்டர் கேஜ். ஏற்றம் அதிகம் என்பதால் முன்னால் ஒரு என்ஜின் இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். வழியில் குகைகள் உண்டு. ஊர்ப்பக்கம் யாரும் சுரங்கம் என்று சொல்வதில்லை, குகைதான். அப்பாவுக்கு அதிகம் வாய்த்தது பின் என்ஜின்.

"முன்னால இருக்கவன் விடுற புகை பூராவும் குகைக்குள்ள நிக்கும். அதுக்குள்ளதான் நாம போவணும். நம்ம என்ஜின் புகையும் மேல முட்டித் திரும்பி நம்ம தலைலதான் விழும். அடுப்பு ஒரு பக்கம், ஆவி ஒரு பக்கம். துண்ட நனைச்சு மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டிக்கிடுவோம். உசரமா நின்னா மூச்சு முட்டும். குனிஞ்சு தரையோட தரையா இருக்கணும். கீழதான் கொஞ்சம் காத்து இருக்கும்."

"வண்டி உள்ளே நின்னுட்டா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மழைக்காலத்துல தண்டவாளம் வழுக்கும். சக்கரம் சுத்தும், வண்டி நகராது. அப்ப எண்ணுவோம். ஒண்ணு, ரெண்டுன்னு. நூறு எண்ணுறதுக்குள்ள நகந்துட்டா சரி."

"நகரலைன்னா?"

"நகந்துச்சுன்னுதான நான் இங்க இருக்கேன்" என்று சிரித்தார். அப்புறம், கூட வேலை பார்த்த ஒருவர் நாற்பத்தைந்து வயதிலேயே நெஞ்சு பழுதாகிப் போய்ச் சேர்ந்ததைச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் அவருக்கு இத்தாலிக் கதையைச் சொன்னேன். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது படிக்கிற கதை. 1944 மார்ச் 3 அதிகாலை. தெற்கு இத்தாலியில் பால்வானோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு நீராவி சரக்கு வண்டி. யுத்த காலம், சாப்பாட்டுப் பண்டம் தேடி ஊர் ஊராக அலைந்த ஜனங்கள் அதில் தொற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றமான ஒரு சுரங்கத்துக்குள் ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கி வண்டி நின்றுவிட்டது. மோதல் இல்லை, தடம் புரளவில்லை, தீ இல்லை. கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத விஷம். 500 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பலர் தூக்கத்திலேயே.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "என்ன கரி போட்டாங்க?"

அசந்துவிட்டேன். அந்த விபத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று அதுதான், யுத்தத்தில் கிடைத்த மட்டமான கரி. "அதானே பாத்தேன்" என்று தலையை ஆட்டினார். அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று அப்போது புரிந்தது. மிச்சத்தை மட்டும் சொன்னால் போதும்.

சரி, இனி நான் சொன்ன பங்கு.

சுரங்கத்தில் காற்று தானாக வராது, தள்ள வேண்டும். இதை முதலில் உணர்ந்ததும் நீராவி வண்டிக்காரர்கள்தான். லண்டனில் 1863 ஜனவரியில் உலகின் முதல் பாதாள ரயில் ஓடியபோது அதை இழுத்தது நீராவி என்ஜின். ஆவியைத் தண்ணீரில் விட்டுக் குளிரவைக்கும் ஏற்பாடெல்லாம் செய்து பார்த்தார்கள். புகை போனபாடில்லை. பாதையை ஆழமில்லாமல் தோண்டி, ஆங்காங்கே வானம் தெரிய விட்டிருந்ததால் தப்பித்தார்கள். இத்தாலியில் மார்கோ சக்கார்டோ என்ற இன்ஜினியர் 1890-களில் சுரங்க வாசலில் பெரிய ஃபேன் வைத்து, வளையம் போன்ற வாய் வழியாக உள்ளே வேகமாகக் காற்றைப் பீச்சினார். அந்தப் பீச்சு சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இன்றைக்கும் சுரங்கங்களில் அவர் பேரைச் சொல்லியே அந்த முறையை வைக்கிறார்கள்.

மின்சாரம் வந்ததும் புகை போயிற்று. பாதாள ரயிலை ஆழமாகக் கொண்டுபோக முடிந்தது. எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தார்கள். புகை போன இடத்தில் சூடு வந்து உட்கார்ந்துகொண்டது.

"கரண்டு வண்டில ஏதுடே சூடு? அடுப்பா எரியுது?" என்றார் அப்பா.

நியாயமான கேள்வி. மனக்கணக்காகவே சொன்னேன். ஆட்களோடு சேர்த்து 300 டன் என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடும்போது அதற்குள் இருக்கும் ஓட்ட சக்தி ஏறக்குறைய 20 யூனிட் மின்சாரம். நம் வீட்டு ஏசி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிற மின்சாரம். அடுத்த ஸ்டேஷனில் பிரேக் போட்டு நிற்கும்போது அந்த 20 யூனிட்டும் ஒரு நிமிஷத்துக்குள் எங்கேயாவது போயாக வேண்டும். பழைய பிரேக் என்றால் அத்தனையும் சூடுதான். இரண்டு திசையும் சேர்த்து மணிக்கு 40 வண்டி என்றால் 800 யூனிட், ஒரே ஒரு ஸ்டேஷனில். ஐந்நூறு வீட்டு ஏசி ஒரு மணி நேரம் இழுக்கிற மின்சாரம் அது.

அப்புறம் ஆட்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனே 100 வாட் குண்டு பல்பு மாதிரி. 2,000 பேர் ஏறின வண்டி என்றால் 200 கிலோவாட். அதற்கும் மேல் பெட்டிக் கூரையில் இருக்கும் ஏசி. நமக்குப் பெட்டிக்குள் ஜில்லென்று இருக்கிறதே, அந்தச் சூட்டை அது வெளியே தள்ளுகிறது. வெளியே என்றால் எங்கே? சுரங்கத்துக்குள்தான். பெட்டி குளிரக் குளிர குகை சூடாகும்.

நான் டெல்லிக்கு வருவதற்கு முன் இரண்டு வருஷம் கல்கத்தாவில் இருந்தேன். நாட்டின் முதல் மெட்ரோ அது, 1984 அக்டோபர் 24-ல் தொடங்கியது. அப்போதெல்லாம் ஸ்டேஷனில்தான் குளிர்ந்த காற்று, பெட்டிக்குள் ஏசி கிடையாது. ஆபீஸ் நேரத்தில் பெட்டிக்குள் நின்றால் சட்டை நனைந்துவிடும். ஏசி பெட்டிகள் 2010-ல் வந்தன. ஏசி இல்லாத கடைசி வண்டி ஓய்வு பெற்றது 2021-ல், அதே அக்டோபர் 24. அந்த ஊரில் இருந்தபோதுதான் எனக்கு இந்தத் தொழிலில் ஆர்வம் வந்தது. வியர்த்து வழிந்துகொண்டே, "இந்தச் சூட்டுக்கு ஒரு வழி இருக்காதா" என்று யோசித்ததுண்டு.

அந்தச் சூட்டில் கொஞ்சம் மண்ணுக்குள் போகும். இதற்கு நல்ல உதாரணம் லண்டன். அங்கே ஆழ் சுரங்கங்களைத் தோண்டிய காலத்தில் சுற்றியிருந்த களிமண் 14 டிகிரி. வெளியே வெயில் என்றால் உள்ளே வாருங்கள், குளுகுளுவென்று இருக்கும் என்று விளம்பரமே செய்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக வண்டிகளின் பிரேக் சூட்டைக் குடித்துக் குடித்து, இன்று அதே மண் இடத்துக்கு இடம் 19 முதல் 26 டிகிரி வரை ஏறிவிட்டது. ரொட்டிக்கல் மாதிரி. அடுப்பை அணைத்தாலும் கல் சட்டென்று ஆறாதே! களிமண்ணுக்குச் சூட்டைத் தூரமாக அனுப்பத் தெரியாது, பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும்.

டெல்லி கதை வேறு. ஒரு பத்து மீட்டர் ஆழம் போனால் மண்ணின் சூடு அந்த ஊரின் வருஷ சராசரிக்கு வந்து நின்றுவிடும். டெல்லிக்கு அது 25 டிகிரியை ஒட்டி இருக்கும். லண்டனுக்குக் கிடைத்த குளிர்ந்த மண் நமக்கு முதலிலேயே கிடையாது. அதனால் இங்கே 2004 டிசம்பரில் முதல் சுரங்கப் பாதை திறந்தபோதே ஸ்டேஷன்களுக்கு ஏசி, சுரங்கத்துக்குத் தனி ஃபேன் என்று சேர்த்தே கட்டினார்கள்.

சூட்டை வெளியேற்றுவதற்கு முன் அதைக் குறைக்க வேண்டும். இங்கே வண்டி பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். பக்கத்தில் கிளம்பும் வேறு வண்டி அதை எடுத்துக்கொள்ளும். நான் சொன்ன 20 யூனிட்டில் நல்ல பங்கு இப்படித் தப்பிவிடுகிறது. 2007-ல் இதற்காகவே டெல்லி மெட்ரோ ஐ.நா.வின் கார்பன் கிரெடிட் திட்டத்தில் பதிவானது. உலகத்தில் அப்படிப் பதிவான முதல் ரயில் திட்டம் அதுதான். "பரவால்லியே, பிரேக்குல கரண்டு எடுக்கானா!" என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

மீதிச் சூட்டை, வண்டி நிற்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். பிளாட்பாரத்துக்கு அடியில் சக்கரம் பக்கமும், வண்டிக்கு மேலே ஏசி பக்கமும் உறிஞ்சும் வாய்கள் இருக்கும். சூடு பரவுமுன் இழுத்துவிடும். சில பாதைகளில் பிளாட்பார ஓரம் முழுக்கக் கண்ணாடிச் சுவர் கட்டி, வண்டி வந்தால் மட்டும் கதவு திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். டெல்லி ஏர்போர்ட் லைனில் பார்க்கலாம். சென்னையில் 2017 மே மாதம் திறந்த சுரங்க ஸ்டேஷன்களிலும் அதுதான். யாரும் தண்டவாளத்தில் விழாமல் இருக்க என்று மட்டும் நினைப்போம். ஸ்டேஷன் ஏசி சுரங்கத்துக்குள் கசியாமல் இருக்கவும்தான்.

பிறகு, வண்டியே ஒரு ஃபேன். புட்டுக் குழலில் பின்னால் கம்பி விட்டுத் தள்ளினால் புட்டு முன்னால் வந்து விழுகிறதல்லவா, அதே மாதிரி சுரங்கத்துக்குள் ஓடும் வண்டி முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும், பின்னால் புதுக் காற்றை இழுக்கும். ஸ்டேஷனின் இரண்டு முனையிலும் தரை வரை போகும் கிணறு மாதிரி வழிகள் இருக்கும். தள்ளிய காற்று அதில் ஏறி வெளியே போகும், இழுக்கும் காற்று அதில் இறங்கி வரும். வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் வரை பெரிய ஃபேன்களுக்கு அதிக வேலையில்லை.

"வண்டி நின்னுட்டா?"

நான் அவரிடம் கேட்ட அதே கேள்வி. இப்போது அவர் என்னிடம் கேட்டார். இதற்காகத்தான் இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

"நின்னா பெரிய ஃபேன் ஓடும்பா. ஒரு பக்க ஸ்டேஷன் ஃபேன் காற்றை உள்ளே தள்ளும், மறுபக்க ஸ்டேஷன் ஃபேன் வெளியே இழுக்கும். நடுவில் நிற்கிற வண்டியைத் தாண்டிக் காற்று ஓடிக்கிட்டே இருக்கும். வண்டி கூரை ஏசி தன்னோட சூட்டைத் தானே திரும்ப முழுங்காது."

"தீ புடிச்சா?"

அப்பா விடமாட்டார். நானும் மறைக்கவில்லை. தென் கொரியாவில் டேகு என்ற ஊரில் 2003 பிப்ரவரி 18-ல் ஓர் ஆள் வண்டிக்குள் தீ வைத்ததில் 192 பேர் இறந்தார்கள். அஜர்பைஜானின் பாகு நகரத்தில் 1995 அக்டோபர் 28-ல் சுரங்கத்துக்குள் வண்டி எரிந்து 280 பேருக்கு மேல் இறந்தார்கள். பாகுவில் பாதி வழியில் காற்றோட்டத்தின் திசை மாறி, ஜனங்கள் தப்பித்து நடந்துகொண்டிருந்த பக்கமே புகை வந்தது. பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு இல்லை, புகை. அப்பாவுக்குத் தெரிந்த அதே எதிரி.

அதனால்தான் எங்கள் ஃபேன் இரண்டு பக்கமும் சுற்றும். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பது தீ எங்கே, ஆட்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சுரங்கத்தில் நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் வேகத்தில் காற்றை ஓட்டினால் புகை அதை எதிர்த்துத் திரும்பி வர முடியாது. ஆட்கள் காற்றை எதிர்த்து நடந்தால் போதும், முகத்தில் நல்ல காற்று படும், புகை முதுகுக்குப் பின்னால் போகும். சூடான புகையை உறிஞ்சிக்கொண்டே ஓட வேண்டும் என்பதால் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடுமா என்று சோதித்துத்தான் ஃபேனை அனுப்புவோம். ஆள் உயரத்துக்கும் பெரிய ஃபேன். அதை அவசரத்துக்கென்று ஓட்டும் நாள் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் செய்கிறோம்.

அப்பா ரொம்ப நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இந்த வேலையாடே பாக்க?" என்றார்.

"ஆமாப்பா."

"ஏசி கம்பெனின்னுல்லா நெனச்சேன்."

அடுத்த செக்கப்புக்கு மெட்ரோவில் வந்தார். எஸ்கலேட்டரில் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிளாட்பாரத்தில் போய் நின்றோம். வண்டி வெளிச்சம் தெரிவதற்கு முன்பே முகத்தில் காற்று அடித்தது. பெண்கள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா கையை நீட்டி உள்ளங்கையில் அந்தக் காற்றை வாங்கிப் பார்த்தார். "வண்டி வருது. நம்ம குகைலயும் இப்படித்தான். வாசல்ல நின்னா மொதல்ல காத்து வரும், அப்புறம் புகை வரும், அப்புறந்தான் என்ஜின்" என்றார்.

பாதி தூரத்தில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் வண்டி நின்றது. வேறொன்றுமில்லை, முன்னால் போன வண்டி இன்னும் பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்பவில்லை. தினசரி நடப்பதுதான். யாரும் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. ஐம்பது வருஷம் கழித்தும் எண்ணுகிறார். என்ன சொல்வது என்று தெரியாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் மனசுக்குள் எண்ணினேன். எனக்குத் தெரிந்த ஃபேன் கணக்கெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. நாற்பதோ நாற்பத்தொன்றோ, வண்டி நகர்ந்தது. "காத்து நிக்கல பாத்தியா. மேல ஓடிட்டேதான் இருந்துச்சு" என்றார். அந்தப் பதற்றத்திலும் அதைக் கவனித்திருக்கிறார்.

நான் எழுத வந்த விஷயம் இதற்கு அப்புறம்தான்.

திரும்பி வரும்போது எங்கள் ஸ்டேஷனில் ஏறி வெளியே வந்தோம். சாயங்காலம் ஐந்து மணி, வெயில் அப்படியே இருந்தது. கொஞ்ச தூரத்தில் சாலையோரம் கம்பித் தட்டி போட்ட ஒரு கான்கிரீட் கட்டடம். யாருக்கும் அது என்னவென்று தெரியாது, போஸ்டர் ஒட்ட ஒரு சுவர். சுரங்கத்துக் காற்று வெளியே வரும் வழி அது. அதன் நிழலில் ஒரு டீக்கடை வண்டி, நாலைந்து சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள். பீகார்ப் பக்கத்து ஆட்கள் என்று பேச்சில் தெரிந்தது. அப்பா டீ வேண்டும் என்றார். போய் நின்றோம். தட்டி வழியாக வெதுவெதுவென்று காற்று வந்துகொண்டிருந்தது.

"இதானா அது?"

"ஆமா. உள்ளேருந்து எடுத்த சூடு இப்படித்தான் வெளியே போகும்."

அப்பா டீயை ஊதிக்கொண்டே ரிக்‌ஷாக்காரர்களைப் பார்த்தார். "அப்ப நமக்கு உள்ள ஜில்லுன்னு இருக்கதுக்கு, சூட்டையெல்லாம் கொண்டுவந்து இவங்க மேலயா விடுதீங்க?"

பதினைந்து வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. டெண்டரில் இந்தக் கேள்வி வராது. சத்தம் எவ்வளவு, காற்று எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்றுதான் வரும்.

ஏதேதோ சொன்னேன். தெருவில் ஓடும் கார்களும் மாடிகளில் தொங்கும் ஏசிகளும் விடும் சூட்டுக்கு முன்னால் இது பெரிதில்லை என்றேன். இத்தனை பேரும் மெட்ரோவில் போகாமல் ஆளுக்கொரு காரில் போனால் இதே டீக்கடைக்கு இன்னும் அதிகச் சூடும் புகையும் வரும் என்றேன். எல்லாம் நிஜம். ஆனாலும் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. சூடு அழியாது. எட்டாம் வகுப்பில் படித்ததுதான். நாங்கள் அதை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கிறோம். அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று வரைபடத்தில் போடுவதில்லை.

லண்டனில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இஸ்லிங்டன் பகுதியில் 1922-ல் மூடப்பட்ட ஒரு பாதாள ஸ்டேஷனின் காற்றுக் கிணற்றிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றை வைத்துத் தண்ணீரைச் சூடாக்கி, ஆயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கும் ஒரு பள்ளிக்கும் அனுப்புகிறார்கள். 2020-ல் தொடங்கியது. அங்கே குளிர், சூட்டுக்கு வாடிக்கையாளர் உண்டு. மே மாத டெல்லியில் சூட்டை யார் வாங்குவார்கள்? இங்கே செய்யக்கூடியது, சூட்டைப் பிறக்குமிடத்திலேயே இன்னும் குறைப்பதும், வெளியே விடும் வாயை ஆள் நிற்காத உயரத்துக்கும் திசைக்கும் திருப்புவதும்தான். இரண்டாவது வேலைக்குப் பெரிய செலவில்லை. யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு புது வேலைக்கான வரைபடம் மேஜைக்கு வந்தது. சாலையோரக் காற்று வழி. தட்டி நடைபாதையைப் பார்த்து இருந்தது. அதை எதிர்ப்பக்கம் திருப்பி, உயரத்தையும் கூட்டி, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒத்துக்கொள்வார்களா தெரியாது. கூட வேலை பார்ப்பவர் "எதுக்கு சார் இது, ரூல்ல இல்லையே" என்றார். ஒரு பழைய ஃபயர்மேன் கேட்டார் என்றேன். தீயணைப்புத் துறை ஆள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். மூச்சு இப்போது பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, "மழை வந்துச்சாடே?" என்று கேட்பார். அடுத்து அந்த டீக்கடைக்காரரை விசாரிப்பார்.